ஆறில் ஒரு பேணி

மனிதரைப் படம் பிடிக்கிற இடத்துக்கு வந்து, "ஒரு வடையைப் பிடிச்சுத் தாங்கோ" என்று கேட்ட முதல் ஆள் சிற்றம்பலத்தார்தான். நான் பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வடை, தோசை, சம்பல், தேத்தண்ணி. எல்லாம் ஒரு படத்துக்குள்ள வரவேணும் பிள்ளை. இவ்வளவு பெரிசா," என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "கொழும்பில பெரிய கடையளில இப்பிடித்தான் கொழுவியிருக்கிறாங்கள். பாக்கிறவனுக்கு வாய் ஊறவேணும்."

அறுபத்திரண்டாம் ஆண்டு சித்திரை மாதம் அது. பரந்தன் சந்தியில் அவருக்கு ஒரு நீளக் கட்டடம் இருந்தது. அதில் முக்கால்வாசி அவருடைய தேத்தண்ணிக் கடை. மிச்சக் கால்வாசி எங்கள் ஸ்ரூடியோ. நடுவில் ஒரு பலகைத் தட்டி மட்டும்தான். கடையை நீட்டிப் புது மண்டபம் கட்டி முடிக்கிற அவசரத்தில் இருந்தார். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகிற சனம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பரந்தனில் இறங்கித்தான் முல்லைத்தீவு பஸ் எடுக்கும். அந்தச் சனம் உள்ளே வந்து வாங்குப் பலகையில் உட்காரும்போது எதிர்ச்சுவரில் அந்தப் படம் தொங்க வேண்டும். அதுதான் அவருடைய ஆசை.

ஸ்ரூடியோப் பலகையில் எழுதியிருந்தது என் கணவர் யோகலிங்கத்தின் பெயர். அவர் சின்னக் கமராவைத் தோளில் கொழுவிக்கொண்டு சைக்கிளில் உருத்திரபுரம் பக்கம் கலியாண வீடுகளுக்குப் போய்விடுவார். உள்ளே பெரிய கமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதும், நெகடிவில் பென்சில் பிடித்துத் திருத்துவதும் நான், இரஞ்சிதம். கலியாணம் பேசப் போகிற எத்தனை பெட்டைகளின் கன்னத்து அம்மைத் தழும்பை இந்தக் கை அழித்திருக்கிறது தெரியுமா? மாப்பிள்ளை வீட்டார் பிறகு என்னைத் திட்டியிருப்பார்கள். அது அவர்கள் பாடு.

பிடிக்கிற நாளன்று வாழையிலையும் ஒரு சீப்புப் பழமும் கொண்டுவந்தவர் வீரகத்தி. கடைக்கு விறகு கொத்திப் போடுகிறவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். அந்த நாளில் நான் அவரை வெறும் "வீரகத்தி" என்றுதான் கூப்பிடுவேன், "நீ" என்றுதான் பேசுவேன். ஊரே அப்படித்தான் பேசியது, நானும் பேசினேன். இலையைப் பின்வாசலில் வைத்தார். கையோடு கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தார். பேணியைக் கழுவி எங்கள் பின்மதிலில் கவிழ்த்துவிட்டு மறுபடி விறகுக்குப் போனார். இந்தக் கடைசிக் காரியத்தை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சாப்பாட்டுச் சாமான்களைக் கொண்டுவந்தவர் கடையில் தேத்தண்ணி போடுகிற அப்புத்துரை. கூடவே ஆறு எவசில்வர் பேணிகள். சிற்றம்பலத்தார் புதிதாகக் கொழும்பிலிருந்து எடுப்பித்தவை. அந்த நாளில் வன்னியில் எவசில்வர் என்றால் நகைக்கு அடுத்தது. "இதைத்தான் முன்னுக்கு வைக்கட்டாம்" என்று அப்புத்துரை சொல்லி, மேசைக்கு மற்றப் பக்கம் நின்று இலையைப் போட்டார். அவர் நின்ற பக்கத்துக்கு நுனி இடப்பக்கம் வந்தது. எனக்கு வலப்பக்கம்.

"அண்ணை, இலையைத் திருப்புங்கோ," என்றேன்.

"நுனி இடப்பக்கம்தானே கிடக்குது?"

"உங்களுக்கு இடப்பக்கம். நீங்களோ சாப்பிடப்போறியள்? கமரா இருக்கிற இடம்தான் சாப்பிடுற ஆளின்ர இடம். சுவரில படத்தைப் பாக்கிறவன் தனக்குத்தான் இலை போட்டிருக்கெண்டு நினைக்கவேணும். விளங்குதோ?"

அவர் முணுமுணுத்துக்கொண்டு திருப்பினார். "படத்துக்கும் இலை போடுறது இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்று ஒரு கொட்டு வேறு.

சாப்பாட்டைப் படம் பிடிப்பது பிள்ளையைப் பிடிப்பதைவிடக் கரைச்சல். பிள்ளை அழுதாலும் பிள்ளைதான். தோசை ஆறிவிட்டால் நனைந்த துணி. வடைக்குத் தேங்காயெண்ணெய் பூசி மினுக்கினேன். நாங்கள் பாவித்த பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பெல்லாம் கறுப்பாகத்தான் விழும். அதனால் செத்தல் மிளகாய்ச் சம்பலை எடுத்துவிட்டு வெறும் தேங்காய்ச் சம்பல் அரைத்து வைத்தேன். ஓடுகளைக் கழற்றிக் கண்ணாடி போட்ட கூரையின் கீழே பழைய வேட்டியொன்றைக் கட்டி, வெயிலை மெதுவாக்கினேன். எல்லாம் சரி. துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால், ஆறு பேணியிலும் ஆறு கமரா, ஆறு கறுப்புத் துணி, ஆறு இரஞ்சிதம். எவசில்வர் என்ன, கண்ணாடியே தோற்றுப்போகும்!

பேணிகளைத் தள்ளினேன், திருப்பினேன், ஊதிப் புகைச்சலாக்கினேன். ஒன்றும் சரிவரவில்லை. மா பூசுவோம் என்று எடுத்தபோது அப்புத்துரை பதறிப்போனார். "ஐயோ, அவர் என்னைக் கொண்டுபோடுவார்!" தோசையோ ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மினுங்காத ஒரு பேணி வேண்டும், உடனே வேண்டும். பின்வாசலால் எட்டிப் பார்த்தேன். மதிலில் தகரப்பேணி கவிழ்ந்திருந்தது. எங்கள் அடுப்படிக் குசினியில் இருப்பது என்று நினைத்தேன். பரந்தனில் அந்தப் பேணி இல்லாத வீடு இல்லை. கட்டிப்பால் வருகிற ரின்பால் பேணிக்கு ஒரு பிடி வைத்து ஈயம் ஒற்றித் தருகிற பக்கீர் நானாவின் கைவேலை. அடி விளிம்பில் ஒரு சொட்டுச் சிவப்புப் பெயின்ற் இருந்தது. எங்கட மனிசன் யோகலிங்கம் எதற்கோ பெயின்ற் அடிக்கும்போது சிந்தியிருப்பார் என்று அதையும் பெரிதாக எடுக்கவில்லை.

அப்புத்துரை அடுத்த தோசைக்குக் கடைக்கு ஓடியிருந்த நேரம். தகரப்பேணியை முன்னுக்கு வைத்துத் தேத்தண்ணி ஊற்றி, பின்னால் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சாம்பிராணி போட்டு ஆவி வரப்பண்ணினேன். எவசில்வர் இரண்டைத் தூர இருட்டில் நிறுத்தினேன். தோசை வந்த கையோடு, அவரை வாசலில் நிறுத்திப் பின்வெளிச்சத்தை மறைக்கச் சொல்லிவிட்டுப் பிடித்தேன். என் வாயாலே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: அதைப்போல ஒரு படம் நான் அதுவரை பிடித்ததில்லை. அந்தத் தகரத்தின் மேல் வெளிச்சம் வந்து அப்படியே குந்திக்கொண்டது. பிறகு பேணியைக் கழுவி, எடுத்த மதிலிலேயே கவிழ்த்துவிட்டேன்.

சிற்றம்பலத்தார் படத்தைப் பார்த்து வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"இந்தப் பேணி வெள்ளியோ பிள்ளை?"

"எங்கட குசினிப் பேணி அண்ணை."

"சும்மா போ! வெள்ளியேதான். ஆக்கள் கேட்டா என்ர எண்டு சொல்லுவன், கோவியாதை," என்று சொல்லிச் சட்டம் போட்டுக் கொழுவினார். புது மண்டபம் திறந்த நாள் முழுக்க அந்த வெள்ளிப் பேணியின் கதைதான். தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்டுக்கொண்டேயிருந்தேன். பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

ஒரு கிழமை போனது. ஒரு காலை வேளை, கடை நிறைய ஆட்கள். புது மண்டபத்து யன்னலுக்கு வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருந்த வீரகத்தி நிமிர்ந்து படத்தைப் பார்த்திருக்கிறார். நான் கண்டது இல்லை, கேட்டதுதான். அவருடைய குரல் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"ஐயா, என்ர பேணி உள்ளுக்கு வந்திட்டுது. நான் எப்ப வாறது?"

யாரோ "என்னடா சொல்லுறாய்?" என்று கேட்க, வீரகத்தி சொன்னார்: "அந்தப் பிடி சரிஞ்சிருக்குது பாருங்கோ. கோடாலிப் பிடி விழுந்து நெளிஞ்சது. ஆறு வருசமா என்ர கையில கிடந்த பேணி எனக்குத் தெரியாதே?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கடையின் பக்கவாட்டுத் தூணில் ஒரு ஆணி. அதில் ஒரு தகரப்பேணி. கடைக்குள் வர விடாத ஆட்களுக்கு அதில்தான் தேத்தண்ணி. உயரத்தில் இருந்து ஊற்றுவார்கள், குடித்தவரே கழுவிக் கொழுவ வேண்டும். மற்றப் பேணிகளோடு கலந்துவிடாமல் இருக்கத்தான் அந்தச் சிவப்புச் சொட்டு. சிற்றம்பலத்தார் தன் கையாலே வைத்த அடையாளம். அதே அடையாளம் படத்தில் கறுத்துக் கிடந்ததால் அவருக்கே தெரியாமல் போயிற்று. நான் நாலு வருடம் அந்தத் தூணைக் கடந்து தண்ணீர் அள்ளப் போயிருக்கிறேன். அந்தப் பேணி என் கண்ணில் பட்டிருக்கும். மனதில் படவில்லை. ஒரு தகரத்தில் வெளிச்சம் எப்படி விழும் என்று பார்க்கத் தெரிந்தவளுக்கு, அது ஏன் வெளியே தொங்குகிறது என்று கேட்கத் தெரியவில்லை. தூ, என்ன கண் இது!

கடையில் பெரிய அமளி. நான் வாசலுக்கு ஓடிவந்து பார்த்தேன். ஒருவர் தேத்தண்ணியைத் துப்பிவிட்டு எழும்பிப் போனார். சிற்றம்பலத்தார் தூணுக்குப் போனார், பேணியையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார், தடியால் பேணியைத் தட்டி விழுத்தி றோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் தள்ளினார். பிறகு படத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"அழிச்சுத் தா," என்றார். "நீ திருத்தாத மூஞ்சையே? அந்தப் பேணியைச் சுரண்டிப்போட்டு எவசில்வரைக் கீறிவிடு."

"ஏன் அழிப்பான்? என்ர படத்தில என்ன பிழை?"

"படத்தில இல்லை. பேணியில பிழை."

"போன கிழமை அதை வெள்ளி எண்டனீங்கள். என்ர பேணி எண்டு ஊருக்கெல்லாம் சொன்னனீங்கள்!"

"பகிடி விடாதை பிள்ளை. பொங்கலுக்குச் சனம் வரப்போகுது. வாற வெள்ளிக்கிழமைக்குள்ள படம் சுத்தமா வேணும். இல்லாட்டி அறையை விட்டுட்டு ரெண்டுபேரும் போங்கோ. நான் கதைச்சா கதைச்சதுதான்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரம் எனக்குள் எழும்பினது நியாயம் இல்லை, ஆத்திரம்தான். என் படத்தில் கை வைக்க இவர் யார்? வீரகத்தியைப் பற்றி நான் அப்போது நினைக்கவே இல்லை.

பின்னேரம் யோகலிங்கம் வந்ததும் சொன்னேன். அவர் சைக்கிளைச் சாத்தக்கூட மறந்து நின்றார். "ரெண்டு கோடு கீறினாக் காரியம் முடிஞ்சுதெல்லோ? இந்தச் சந்தியில வேறை ஆர் எங்களுக்கு அறை தருவினம்? கூரையில கண்ணாடி போட விடுவினமே? நாலு வருசம் பட்ட பாடு." அவர் கோழை இல்லை. பசி தெரிந்தவர். யாழ்ப்பாணத்தை விட்டு வரும்போது எங்களிடம் இருந்தது அந்தப் பெரிய கமரா ஒன்றுதான்.

மறுநாள் காலை நெகடிவை யன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பென்சிலைத் தீட்டினேன். ஓம், அழிக்கத்தான் உட்கார்ந்தேன். வில்லைக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். நெளிந்த பிடி, ஈயம் ஒற்றின இடம், அடியில் அந்தச் சொட்டு. குசினிக்குப் போய் எங்கள் பேணியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே தகரம், அதே ஈயம், அதே பக்கீர் நானாவின் கை. அது தொங்கின ஆணிதான் வேறு. பென்சில் ஓடமாட்டேன் என்று நின்றுவிட்டது.

அந்த நேரம் பின்படலையில் இருமல் கேட்டது. வீரகத்தி.

"அம்மா, என்ர வாயால உங்களுக்குக் கரைச்சலாப் போச்சுது. அறையை விடச் சொன்னவராம்."

"அதை விடு. உனக்கு என்ன நடந்தது?"

"என்ன நடக்கிறது? பேணி கானுக்குள்ள. இனி எனக்குத் தேத்தண்ணி இல்லையாம். விறகு மட்டும் கொத்தட்டாம்." சிரித்தார்.

"இரு, நான் போட்டுத் தாறன்," என்றேன். தேத்தண்ணியைப் போட்டேன். ஊற்றுவதற்குக் கையை நீட்டினேன். கை தானாகப் போய் எடுத்தது தகரப்பேணியை. கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் அடுக்கியிருந்தன, கை அங்கே போகவில்லை. அவர் அதைப் பார்த்தார்.

"அதுவும் பக்கீர் நானாட வேலைதானே அம்மா," என்றார். கோபம் இல்லை, குத்தல் இல்லை. சும்மா கண்டதைச் சொன்னார்.

என் முகத்தில் அடித்திருந்தாலும் அப்படிச் சுட்டிருக்காது. சிற்றம்பலத்தாரை நேற்று முழுக்கத் திட்டித் தீர்த்தவள் நான். என் கைக்கும் அவர் கைக்கும் என்ன வித்தியாசம்? பேணியை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்து, வீட்டுக்கு வருகிற வாத்திமாருக்கு எடுக்கிற கோப்பையை எடுத்து ஊற்றிக் கொடுத்தேன். "கதிரையில இருந்து குடியுங்கோ," என்றேன். "குடியுங்கோ" என்று வாயில் வந்தது எனக்கே புதிதாக இருந்தது.

அவர் கதிரை நுனியில் இருந்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"படத்தை அழிக்கட்டோ விடட்டோ? நீங்கள் சொல்லுங்கோ," என்று கேட்டேன்.

"அழிச்சாலும் எனக்கு ஒண்டும் குறையாது. பேணி அவரின்ர. வாய் என்ர," என்றார். பிறகு, "ஆனா அந்த எவசில்வரில தேத்தண்ணி என்ன உருசியா இருக்குமெண்டு எனக்கொரு ஆசை அம்மா. எட்டிப் பாத்தா மூஞ்சை தெரியுதாமே?"

மூஞ்சை தெரியுது! எனக்கு அந்த ஆறு இரஞ்சிதமும் ஞாபகம் வந்தார்கள். பென்சிலைத் தூக்கி எறிந்துவிட்டு எழும்பினேன்.

சிற்றம்பலத்தாரிடம் ஆள் விட்டுச் சொன்னேன்: அழித்தால் தழும்பு தெரியும், புதிதாகவே பிடித்துத் தருகிறேன், எவசில்வர் ஆறும் முன்னுக்கு நிற்கும், அனுப்புங்கோ. அவருக்குப் பெரிய சந்தோசம். "பெட்டை வழிக்கு வந்திட்டாள்" என்று சொன்னது தட்டியால் கேட்டது. வரட்டும், வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்புத்துரை சாமான்களை இறக்கி வைத்ததும், "வெளிச்சம் கலங்கும், ஒருத்தரும் நிக்கக்கூடாது" என்று அனுப்பிக் கதவைப் பூட்டினேன். பின்வாசலால் வீரகத்தி வந்தார். தோய்த்த வேட்டி, தோளில் துவாய்த் துண்டு. இலையைப் போட்டேன், நுனி இடப்பக்கம். தோசை, வடை, சம்பல். ஐந்து பேணியை அரைவட்டமாக நிறுத்தினேன். கமராவைக் கொஞ்சம் ஒதுக்கி, வில்லை மட்டும் தெரியக் கறுப்புச் சீலையால் மூடி, சாப்பிடுகிற ஆளின் இடத்தில் ஒரு கதிரையைப் போட்டேன்.

"இதில இருங்கோ. இந்த ஆறாம் பேணியைக் குடிக்கிற மாதிரி வாயில பிடியுங்கோ."

அவர் உள்ளே பார்த்தார். "வெறும் பேணி."

"ஓம், படத்துக்குத்தானே."

"வெறும் பேணியை ஏன் பிடிப்பான்? தேத்தண்ணியை ஊத்துங்கோ அம்மா."

"யோசிச்சுச் சொல்லுங்கோ. ஆரும் அறிஞ்சா..."

"என்ர வாய் பட்டா எல்லாம் கெட்டுப்போகுமெண்டு சொன்னது அவைதானே? நானோ சொன்னனான்? கெடுதோ எண்டு பாப்பம்," என்றார். நான் ஊற்றினேன்.

அந்த நேரம் பார்த்து யோகலிங்கம் பின்னால் வந்து நின்றார். கதிரையைப் பார்த்தார், வீரகத்தியைப் பார்த்தார், எவசில்வரைப் பார்த்தார். "இரஞ்சிதம், உனக்கு விசரே?" என்றார்.

"ஓம், விசர்தான். அறை போனாப் போகட்டும். மரத்துக்குக் கீழ கமராவை வைச்சுப் பிடிப்பன். நீங்கள் போறதெண்டாப் போங்கோ."

அவர் போகவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு மூலையில் கிடந்த வெள்ளைத் துணிச் சட்டத்தைத் தூக்கி வீரகத்தியின் முகத்துக்கு வெளிச்சம் அடிக்கிற மாதிரிச் சரித்துப் பிடித்தார். "இந்தப் பக்கம் இருட்டாக் கிடக்கு," என்றார். என் மனிசன் அவர்!

"பேணியை வாயில வையுங்கோ. நான் மூண்டு எண்ணுமட்டும் ஆடவும் கூடாது, விழுங்கவும் கூடாது," என்று சொல்லிக் கமராவின் மூடியைத் திறந்தேன். ஒண்டு. ரெண்டு. மூண்டு. "இனி விழுங்குங்கோ." அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

பிறகு ஆறு பேணியையும் சாம்பல் போட்டு நானே மினுக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றி மாற்றி வைத்தேன். எது அவர் குடித்தது என்று எனக்கே தெரியாது. அப்புத்துரையிடம் எண்ணிக் கொடுத்தேன். ஆறு.

வெள்ளிக்கிழமை படத்தைக் கொடுத்தேன். சிற்றம்பலத்தார் கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார். தகரம் இல்லை. எவசில்வர் பளபளத்தது. "இதெல்லோ படம்! முதலே இப்பிடிச் செய்திருக்கலாமே," என்று தன் கையாலே ஆணி அடித்துக் கொழுவினார். நான் வாயைத் திறக்கவில்லை. சனம் வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சனம் வந்தது. பஸ்ஸுக்கு மேல் பஸ். பொங்கல் பானையும் பையுமாகச் சந்தி கொள்ளாத கூட்டம். கடையில் வாங்கு நிறைய ஆட்கள், முன்வாங்கில் பெரிய இடத்து ஆட்கள் ஆறு பேருக்கு எவசில்வரில் தேத்தண்ணி. அந்த நாளில் எங்களைப்போலப் பெண்கள் தேத்தண்ணிக் கடைக்குள் போவதில்லை. நான் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வாசலால் உள்ளே போனேன். கடை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

காசு வாங்குகிற பட்டறையில் இருந்த சிற்றம்பலத்தார் பதறி எழும்பினார். "என்ன பிள்ளை, இஞ்சை?"

"படத்தைப் பாக்க வந்தனான் அண்ணை. படத்தில எத்தினை பேணி?"

அவர் எண்ணினார். "அஞ்சு." புருவம் சுருங்கியது. "ஆறெல்லோ தந்தனான். மற்றது எங்கை?"

இடுப்பில் செருகியிருந்த வில்லைக் கண்ணாடியை எடுத்து அவர் கையில் வைத்தேன். "கிட்டப் போய்ப் பேணியின்ர வயித்துக்குள்ள பாருங்கோ."

அவர் போய்க் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். முதல் பேணிக்குள் பார்த்தார். இரண்டாவதுக்குப் போனார். மூன்றாவதில் நின்றுவிட்டார். ஒவ்வொரு பேணிக்குள்ளும் மெலிந்து நீண்ட ஒரு ஆள், வெள்ளை வேட்டி, தோளில் துவாய், கதிரையில் நிமிர்ந்து இருந்து ஆறாவது பேணியை வாயில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். முகம் தெளிவாகத் தெரிந்தது. யோகலிங்கம் பிடித்த வெளிச்சம் அது.

திரும்பி என் கிட்ட வந்தார். "எந்தப் பேணி?" என்று கிசுகிசுத்தார். "எந்தப் பேணியில குடிச்சவன்?"

"எனக்குத் தெரியாது. ஆறையும் மினுக்கிக் கலந்துபோட்டன். உங்களுக்குத் தெரிஞ்சா எடுங்கோ." முன்வாங்கைக் காட்டினேன். "அந்தா, ஆறு பேர் குடிச்சுக்கொண்டிருக்கினம். பேணியள் திரும்பி வந்ததில இருந்து எத்தினை பேர் குடிச்சவை? நீங்கள் எதில குடிச்சனீங்கள்?"

"மெல்லக் கதை, மெல்லக் கதை..." அவருடைய கண் அந்த ஆறு பேரின் கைகளிலும் ஓடியது. "உங்களை இண்டைக்கே அறையை விட்டு எழுப்புவன்!"

"எழுப்புங்கோ. ஏன் எழுப்பினவர் எண்டு ஆக்கள் கேப்பினம். இந்த வாசலில நிண்டு உரத்துச் சொல்லிப்போட்டுப் போறன். நெகடிவ் என்னட்டைக் கிடக்கு. சொல்லட்டோ? இப்பவே சொல்லட்டோ?"

அப்போது வீரகத்தி முன்வாசலால் வந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். வருவாரோ என்று எனக்குப் பயம் இருந்தது. வந்தார். துவாய் தோளிலேயே இருந்தது, இடுப்புக்கு இறங்கவில்லை. பின்வாங்கில் ஒரு இடம் கிடந்தது. அதில் போய் இருந்தார்.

"அப்புத்துரை, எனக்கொரு தேத்தண்ணி," என்றார்.

உள்ளூர் ஆட்கள் நாலைந்து பேர் திரும்பினார்கள். அப்புத்துரை கையில் பிடித்த சுடுதண்ணீரோடு அப்படியே நின்று முதலாளியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த மனுசன் அன்றைக்குத் திருந்தினார் என்று நான் சொல்ல வரவில்லை. பயந்தார். அவ்வளவுதான். பயமே எனக்குப் போதும்.

முன்வாங்கில் ஒருவர் குடித்து முடித்துப் பேணியை வைத்துவிட்டு எழும்பினார். சிற்றம்பலத்தார் அந்தப் பேணியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன்.

"குடு," என்றார் அப்புத்துரையிடம். "கேட்டா குடன். என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

அப்புத்துரை அந்த எவசில்வரைக் கழுவி, தேத்தண்ணியை இழுத்து ஆற்றி, நுரையோடு கொண்டுபோய் வீரகத்தியின் முன்னால் வைத்தார். உயரத்தில் இருந்து ஊற்றவில்லை. வைத்தார்.

வீரகத்தி பேணியை எடுத்து வாயில் வைத்தார். குடிக்கவில்லை. அப்படியே ஆடாமல் இருந்து, பேணியின் விளிம்புக்கு மேலால் என்னைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. கடை முழுக்கக் கேட்கும்படியாக நான் எண்ணினேன்.

"ஒண்டு. ரெண்டு. மூண்டு."

அவர் விழுங்கினார்.